தொரசாணியும் தூங்குமூஞ்சி மரமும்

வடக்கனந்தல்
30-8-87

அன்புள்ள மகள் எழில்மதிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, தொரசாணி மூவரும் சுகம். உன் சுகத்துக்கு ரெண்டு மாதமாகப் பதில் இல்லை. அது கிடக்கட்டும். எனக்கு ஒரு மானக்கேடு நடந்தது. அதைக் கேட்டுச் சிரித்தாவது ஒரு வரி போடுவாய் என்று எழுதுகிறேன்.

என் இடது காதுக்குப் பின்னால் ஒரு மரு முளைத்தது. தடவத் தடவப் பெருத்துக்கொண்டே வந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு ஆகிவிட்டது. காதோரம் மரு வந்தால் பதவி வரும் என்று யாரோ சொன்ன ஞாபகம். நம் சாதிச் சங்கத்தில் என்னைத் துணைச் செயலாளர் ஆக்கலாமா என்று பேச்சு நடக்கிற சமயம் வேறு. சந்தோஷமாக வளர்த்தேன். உன் அம்மா கேட்டதற்குக்கூட "அதிர்ஷ்டம்டி, கையை வெக்காத" என்றேன்.

முந்தாநாள் சலூனில் உட்கார்ந்திருக்கிறேன். கடை நிறைய ஆள். பூமாலை கத்தரியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"இன்னாண்ணா, ஒன் மருவுக்குக் காலு இருக்குது?"

"காலா?"

"ஆட்டுது பாரு. எட்டு காலு."

உண்ணி! என் ரத்தத்தைக் குடித்துக் கொழுத்த உண்ணி. அதை இத்தனை நாளாகத் தடவிக் கொடுத்திருக்கிறேன். எதிர்வூட்டுத் தங்கதுரை பெஞ்சிலிருந்து உருண்டே விழுந்தான். "சங்கத்துக்குத் துணைச் செயலாளர், உண்ணிக்குத் தலைவர்" என்று அவன் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரப்பிவிட்டான். அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் தண்டோரா போட்ட மாதிரி என்று உனக்குத் தெரியாதா?

உண்ணி வந்த வழி இதுதான். வெள்ளிமலையில் மாடு மேய்க்கிற பழனியின் பட்டியில் மேய்ச்சலுக்கு விட்டிருந்த நம் நாட்டு மாடுகள் ஆடி உழவுக்கு இறங்கி வந்தன. காது, மடி, வால் அடி எல்லாம் உண்ணி. நான் அவற்றைத் தொரசாணி கொட்டகையிலேயே கட்டிவிட்டேன். சித்திரையில் அந்த ஜெர்சிக் கலப்பினப் பசுவை வாங்கி வந்த நாள் முதல் தனியாக நின்று கத்திக்கொண்டே இருந்தது. இப்போது ஏழு மாதச் சினை. துணைக்கு நாலு ஜீவன் இருக்கட்டுமே என்று நினைத்தேன். நல்லதுதானே? தினம் கொழுத்த உண்ணியாகப் பார்த்துப் பறித்துச் சாணிக் குழியில் போடுகிறேன்.

ராஜாம்பாள் அத்தை முட்டிவலிக்கு உன்னிடம் மாத்திரை கேட்கச் சொன்னாள். என்ன சொல்லட்டும்?

அப்பா,
கொளஞ்சியப்பன்


மாணவியர் விடுதி, சென்னை-7
4-9-87

அப்பாவுக்கு,

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். இந்தக் கடிதம் உண்ணிக்காக. உங்களுக்காக இல்லை.

ராஜாம்பாள் அத்தைக்கு நீங்களே சொல்லுங்கள், நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறேன் என்று. அவர் மகன் கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்கு முன்னால் 'டாக்டர்' போடச் சொன்னது நீங்கள். படித்து முடிக்கவே இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. கல்யாண வீட்டில் அத்தை முட்டியை நீட்ட, பின்னாலேயே ஒருத்தர் பல்வலி, ஒருத்தர் வயிற்றுவலி என்று வரிசை கட்டினார்கள். "அத்தை, நான் மாடு ஆடுகளுக்குப் பார்க்கிற டாக்டர்" என்று நான் சொன்னேன். நீங்கள் கைதட்டிச் சிரித்து, "எம் பொண்ணு தமாஷ் பண்ணுது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் நான் ஏன் கிளம்பினேன் என்று அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கு இன்றுவரை தெரியவில்லை.

இனி உண்ணி. தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

கொழுத்த உண்ணி பொட்டை. அதைப் பறித்துச் சாணியில் போடுவது, பிள்ளைத்தாச்சியைப் பத்திரமாகப் பிரசவ வார்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குச் சமம். அது அங்கே கடுகு கொட்டின மாதிரி முட்டை வைக்கும். பொரிக்கிற குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. சுவர் இடுக்கில், புல் நுனியில் காலைத் தூக்கிக்கொண்டு மாடு வரும் வரை காத்திருக்கும். பறித்ததை எரியுங்கள். கொட்டகைச் சுவர் விரிசலைப் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். பருத்திக்கு அடிக்கிற மருந்தை எக்காரணம் கொண்டும் மாட்டின் மேல் அடிக்காதீர்கள்.

முக்கியமானது இது. மலை மாட்டின் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கும். கன்றுக்குட்டியிலிருந்தே பழகிவிட்டதால் அதற்கு ஒன்றும் செய்யாது. உண்ணி அதை உறிஞ்சி, முட்டை வழியாகத் தன் குஞ்சுகளுக்குச் சொத்து மாதிரி எழுதி வைத்துவிடும். அந்தக் குஞ்சு ஜெர்சியைக் கடித்தால் அது தாங்காது. காய்ச்சல் கொதிக்கும், காது தொங்கும், அசை போடாது, ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். காப்பி நிறம் பார்த்த அன்றைக்கே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரே ஊசியில் எழுந்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் தாயும் இல்லை, கன்றும் இல்லை.

தொரசாணியை இன்றே தனியாகக் கட்டுங்கள்.

கொஞ்சம் உண்ணி பிடித்து அனுப்ப முடியுமா? இங்கே லேப்பில் பார்க்க வேண்டும். ஓட்டை போட்ட டப்பாவில், ஈரப் பஞ்சோடு.

உங்கள் காதில் இருந்தது அநேகமாக நாய் உண்ணி. காதைக் காட்டிவிட்டு வாருங்கள், மனுஷ டாக்டரிடம்.

எழில்மதி


வடக்கனந்தல்
8-9-87

எழிலுக்கு,

கடிதம் கிடைத்தது. ரெண்டு தடவை படிக்கச் சொன்னாய், நாலு தடவை படித்தேன். உண்ணி பற்றி எழுதியதை மட்டும்.

தனியாகக் கட்டச் சொல்கிறாயே, இது என்ன நியாயம்? ஊரே 'தனி ஒதுக்கீடு வேணும்' என்று தொண்டை கிழியக் கத்துகிற காலத்தில் தொரசாணியும் மனு கொடுத்துவிட்டாளா? உன் அம்மாவிடம் சொன்னேன். "படிச்ச பொண்ணு சொல்லுது, வேப்பமரத்தாண்ட ஒரு கீத்துக் கொட்டாய் போட்டா இன்னா? ஒமக்குக் கை தேஞ்சிப் பூடுமா?" என்றாள். கை தேயாது. ஆள்தான் கிடைக்கவில்லை. இந்த வாரம் எல்லா ஆளும் சங்க வேலையில். போராட்டம் முடிந்ததும் முதல் வேலை அதுதான். சுண்ணாம்பு வாங்கி வைத்துவிட்டேன். பறித்த உண்ணியை இப்போது அடுப்பில் போடுகிறேன். பட்டாசு மாதிரி வெடிக்கிறது, உன் அம்மா சோறு பொங்குகிற அடுப்பு என்று திட்டுகிறாள்.

கேட்ட சாமான் பொடி டப்பாவில் வருகிறது. தபாலாபீசில் "உள்ள இன்னா?" என்றார்கள். "சாம்பிள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். மரியாதையாக வாங்கி முத்திரையை ஓங்கும்போது ஒரு சாம்பிள் வெளியே வந்து ஸ்டாம்பின் மேல் நடந்தது. அப்புறம் அந்த மரியாதை இல்லை.

இனி என் சேதி. நான் துணைச் செயலாளர் ஆகிவிட்டேன்! பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். தென்னாற்காட்டில் ஒரு வண்டி ஓடாது. நம் ஊர் வாய்க்கால் பாலம் என் பொறுப்பு. எந்த மரத்தைச் சாய்ப்பது என்று பேச்சு வந்தது. ஆளுக்கு ஒரு புளியமரம் காட்டினார்கள். நான்தான் எழுந்து, "பாலத்தண்ட நிக்கிற தூங்குமூஞ்சி மரத்தச் சாய்ங்க. ரெண்டு பக்கமும் வாய்க்கா. ஆளு எறங்கவும் முடியாது, சுத்தவும் முடியாது. சந்துல வேலிக்காத்தான் முள்ள அடைச்சிட்டா சைக்கிள்கூடப் போவாது" என்றேன். கைதட்டு! எட்டாவதில் கோட்டை விட்டவன் யோசனைக்குக் கைதட்டு விழுவதைப் பார்க்க நீ இல்லையே என்று இருந்தது.

விளையாட்டு இல்லை, எழில். இந்தத் தெருவிலிருந்து காலேஜ் வாசலை மிதித்தது நீ ஒருத்தி. இன்னும் பத்துப் பிள்ளைகள் மிதிக்க வேண்டும் என்றுதான் என் மாதிரி ஆட்கள் ரோட்டில் உட்காரப் போகிறோம்.

நீ எந்தக் காலேஜ் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அப்பா


சென்னை-7
14-9-87

அப்பா! அப்பா!

டப்பா வந்தது! பத்தாம் தேதி திறந்தபோது எல்லாமே உயிரோடு இருந்தன. என் அறைத் தோழி கட்டில் மேல் ஏறி நின்று கத்திய கத்தலில் வார்டன் வந்துவிட்டார். ஒரு கொழுத்த பொட்டையைக் கண்ணாடித் தட்டில் வைத்தேன். நேற்று முட்டை வைக்க ஆரம்பித்துவிட்டது. பழுப்புப் பாசிமணி கோத்த மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக, தன் தலைக்கு மேலேயே அடுக்குகிறது. வகுப்பே வந்து பார்த்தது. "எங்க ஊர் உண்ணி" என்று பெருமையாகச் சொன்னேன். இப்படி ஒரு பெருமை உண்டா!

இன்னொன்றின் காலைத் துளி வெட்டி, கசிந்த நீரைத் தடவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒன்று, குட்டிச் சுருட்டு மாதிரி. பக்கத்தில் இன்னொன்று. பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இது யார் மாடு?" என்றார். "எங்கள் மாடு" என்றேன். "உடனே வீட்டுக்கு எழுது" என்றார்.

அப்பா, நான் பயந்தது அங்கே இருக்கிறது. நம் கொட்டகையில் இருக்கிறது. ஆடியில் விழுந்த உண்ணிகளின் குஞ்சு இந்நேரம் தொரசாணி மேல் ஏறியிருக்கும். போராட்டம் முடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆள் வேண்டாம், கீற்றுக் கொட்டகை வேண்டாம், வேப்பமரத்தில் கட்டினால் போதும். தினம் காலையில் மூத்திரம் பாருங்கள். இதைப் படித்த உடனே. கடிதத்தை மடிப்பதற்கு முன்னால்.

உங்கள் எழில்


வடக்கனந்தல்
20-9-87, ஞாயிறு

எழிலுக்கு,

இந்தக் கடிதம் எப்போது உன் கைக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. தபால் வண்டி இல்லை, பஸ் இல்லை. நிறுத்தியதே நான்தானே. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கையெல்லாம் முள் கீறல், கோழிக் கிறுக்கலாக இருந்தால் மன்னித்துப் படி.

பதினாறாம் தேதி ராத்திரியே மரத்தைச் சாய்த்தோம். என்ன அழகாக விழுந்தது தெரியுமா! பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, அளவெடுத்துத் தைத்த மாதிரி. முள்ளை நானே கட்டினேன். வியாழன், வெள்ளி ஒரு ஈ, காக்கை தாண்டவில்லை. வேறு சில ஊர்களில் நடந்ததை ரேடியோவில் கேட்டோம். உயிர் போயிருக்கிறது, குடிசைகள் எரிந்திருக்கின்றன. அதைக் கேட்ட பிறகு கைதட்டு எல்லாம் வாயில் கசந்துவிட்டது. அதைப் பற்றி நேரில் பேசலாம்.

நேற்றுக் காலை பால் கறக்கிற நேரத்துக்கு உன் அம்மா கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள். "இன்னாங்க, இங்க வாங்க. யாராச்சும் காப்பி கொட்டிட்டாங்களா?"

யாரும் கொட்டவில்லை, எழில். தொரசாணிக்கு ரெண்டு காதும் தொங்கிக் கிடந்தது. காதைத் தொட்டால் சட்டி மாதிரி சுட்டது. உதட்டை விலக்கிப் பார்த்தேன், ஈறு காகிதம். பக்கத்தில் மலையிலிருந்து வந்த நாலும் ஒன்றும் தெரியாத சாதுக்கள் மாதிரி வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. அவற்றை அங்கே கட்டிய மகான் வாயைப் பிளந்துகொண்டு நடுவில் நின்றேன்.

சைக்கிளை எடுத்தேன். தங்கதுரை தானும் வருவதாக அவன் சைக்கிளை எடுத்தான். உதவிக்குத்தான் வந்தான், வேடிக்கைக்கும் சேர்த்து. கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் சைக்கிள் எங்களைச் சுமந்ததைவிட நாங்கள் சைக்கிளைச் சுமந்ததுதான் ஜாஸ்தி. மரத்துக்கு மரம் நம் ஆட்கள். "துணைச் செயலாளரே, மறியலப் பாக்க வந்தீங்களா? எங்க மரம் எப்படி?" என்று கேட்கிறார்கள். "பிரமாதம்" என்று சொல்லிச் சொல்லித் தாண்டினேன்.

மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக ஒரு மாடு வரவில்லையாம். காய்ச்சல் என்றேன்.

"பொடி தரேன், வெல்லத்துல வெச்சிக் குடு. ஜீப்பு போவாது. இத்தனை மரம் தாண்டி என்னால வர முடியாதுப்பா."

பேப்பரைத் தூக்கிவிட்டார். எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுள்கூட முழுசாக ஒப்பித்தவன் இல்லை நான். ஆனால் அது வாய்ப்பாடு மாதிரி வந்து விழுந்தது. "சார், மலைக்குப் போய் வந்த மாட்டோட ஜெர்சியக் கட்டிட்டேன். ஆடி உண்ணி சாணில விழுந்து முட்டை வெச்சி, குஞ்சு கடிச்சிருக்குது. நாட்டு மாட்டு ரத்தத்துல இருக்கிற கிருமிய உண்ணி முட்டை வழியாக் குஞ்சுக்கு எழுதி வெச்சிருச்சி. காச்சல், காது தொங்கிப் போச்சி, ஈறு வெளுத்துப் போச்சி, மூத்திரம் காப்பி. சினை மாடு சார்."

பேப்பர் மெல்ல இறங்கியது.

"இதெல்லாம் யாருய்யா ஒனக்குச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கதுரை முந்தினான். "அவரு பொண்ணு மெட்ராசுல டாக்டருக்குப் படிக்குது சார். மனுசாளுக்குப் பாக்குற டாக்டரு. எங்க ஊரு ராஜாம்பாள் முட்டிகூட அதுதான் பாக்கப் போவுது."

"மனுச டாக்டருக்கு மாட்டு உண்ணியப் பத்தி இன்னா தெரியும்? யாரோ எதையோ சொன்னத மனப்பாடம் பண்ணிக்கினு வந்திருக்கிற." பேப்பர் மறுபடி மேலே ஏற ஆரம்பித்தது.

ஒரு பக்கம் பேப்பர் ஏறுகிறது. இன்னொரு பக்கம் ஊர் தண்டோரா என் தோளை இடித்துக்கொண்டு நிற்கிறான்.

"மாட்டு டாக்டர் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னா?" என்றார். அப்புறம் கத்தியே விட்டேன். "மாட்டு டாக்டர் சார்! எம் பொண்ணு மாட்டு டாக்டருக்குத்தான் படிக்குது. வேப்பேரியில. மூணாவது வருசம்."

தங்கதுரை வாய் திறந்தது திறந்தபடி. நம் வீட்டுத் தொரசாணியைக்கூட அவன் அப்படிப் பார்த்தது கிடையாது. டாக்டர் பேப்பரை நாலாக மடித்து மேசையில் வைத்தார். "வேப்பேரியா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா? நானும் அங்கதான் படிச்சேன்" என்று பையை எடுத்தார். மஞ்சள் மருந்தைக் கலந்து, துணியில் சுற்றி உள்ளே வைத்தார். என் கேரியரில் உட்கார்ந்தார்.

திரும்பி வந்த கதையைக் கேள். ஒவ்வொரு மரத்திலும் நிறுத்தினார்கள்.

"யாரு, போலீசா?"

"டாக்டரு."

"யாருக்கு சீக்கு?"

"தொரசாணிக்கு."

"நம்ம பக்கம் ஏதுண்ணா தொரசாணி? வெள்ளக்காரன் போய் நாப்பது வருசம் ஆச்சே?"

தங்கதுரை பின்னாலிருந்து, "மாடுப்பா, மாடு. அவரு பொண்ணும் மாட்டு டாக்டரு" என்று ஒவ்வொரு மரத்திலும் சொன்னான். கடைசியில் நம் பாலம். நான் கட்டிய முள். காவலுக்கு நின்றவன் கையைக் குறுக்கே நீட்டினான். "நீதானண்ணா சைக்கிள்கூட வுடக் கூடாதுன்ன?"

"இது மாட்டுக்குடா."

"அப்போ வர்றவன் எல்லாம் மாட்டுப் பேரச் சொல்லினு வருவான்."

நியாயமான பேச்சு. "மரம் அப்பிடியே இருக்கட்டும். நாங்க ஏறிப் போறோம்" என்றேன். டாக்டர் ஏறினார். பாதியில் அவர் பேண்ட் முள்ளில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. மரத்தின் மேல் நின்றபடி அவர் சொன்னதை உனக்கு எழுத முடியாது. "எந்த மகராசன் இந்த எடத்துல பாத்து வெட்டினானோ" என்பது மட்டும் எழுதக்கூடியது. தங்கதுரை பலமாக இருமினான். நான் குனிந்து, என் கையாலேயே முள்ளை எடுத்துவிட்டேன். கையெல்லாம் ரத்தம். உண்ணி குடித்ததுபோக மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி போட்டபோது தொரசாணி கால் மடங்கிப் படுத்துவிட்டது. தலையை உன் அம்மா மடியில் வைத்திருந்தாள். டாக்டர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, "கன்னு உசுரோட இருக்குது. நாளைக்கி மூத்திரம் தெளியணும். தெளிஞ்சா பொழைச்சிது" என்றார்.

இன்று காலையிலிருந்து கொட்டகையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தெரு ஆட்கள் பாதி இங்கேதான். ஒரு மாடு மூத்திரம் போவதற்கு இத்தனை பேர் காத்திருந்து பார்த்தது உண்டா?

எழில்! இரு.

போய்விட்டது! முதலில் டீ. அப்புறம் கடைசியில் இளநீர் மாதிரி தெளிவு! உன் அம்மா அழுகிறாள். தங்கதுரை விசில் அடிக்கிறான். தொரசாணி என் துண்டைத் தின்கிறது. தின்னட்டும்!

அப்பா


சென்னை-7
30-9-87

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. "எழில்! இரு." என்ற இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது. திருப்புவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அறைத் தோழிக்கு வாசித்துக் காட்டினேன். கட்டில் மேல் ஏறிக் கத்தினாள் அல்லவா, அவள்தான் இப்போது தொரசாணிக்குக் கன்று பிறந்தால் பேர் வைக்கிற உரிமை தனக்கு வேண்டும் என்கிறாள்.

என் பதினாலாம் தேதிக் கடிதம் வந்ததா? வந்திருந்தால் நீங்கள் மாட்டைப் பிரித்துக் கட்டியிருப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

நான் ஒன்று சொல்லவில்லை. உங்களிடமிருந்து பதில் இல்லாததால் பத்தொன்பதாம் தேதி நானே கிளம்பினேன். பேராசிரியர் கொடுத்த மருந்தைப் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு ரயிலில் விழுப்புரம் வரை வந்துவிட்டேன். அங்கிருந்து ஒரு வண்டி இல்லை. ஸ்டேஷனிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். "எல்லாப் பக்கமும் மரம்மா, பொம்பளப் புள்ள, திரும்பிப் போ" என்று அனுப்பினார்கள். ரயிலில் அழுதுகொண்டே திரும்பினேன். எந்த ஊர் மரம் வெட்டியவர்களைத் திட்டினேன் என்று கேட்காதீர்கள். அதில் நம் ஊர் துணைச் செயலாளரும் உண்டு. என் மாதிரிப் பிள்ளைகளுக்காக ரோட்டில் உட்காரப் போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் ரயிலில் நினைத்துக்கொண்டேன். அப்போது திட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இப்போது ஒரே ஒரு கேள்வி. தங்கதுரை சித்தப்பா பக்கத்தில் நிற்கும்போதா சொன்னீர்கள்? நிஜமாகவா? அவர் காதில் விழட்டும் என்று தெரிந்தேவா? அப்புறம் ஊரில் என்ன ஆயிற்று? ஒன்றும் விடாமல் எழுதுங்கள். தமாஷ் பண்ணாமல்.

தீபாவளிக்கு வரலாமா என்று யோசிக்கிறேன்.

எழில்


வடக்கனந்தல்
6-10-87

அன்புள்ள எழிலுக்கு,

முதலில் உன் பதினாலாம் தேதிக் கடிதம். மறியல் முடிந்து மரத்தை நகர்த்திய பிறகு, பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட தபால் பையோடு வந்து சேர்ந்தது. அதாவது உன் எச்சரிக்கை நம் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், நான் வெட்டிய மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தது. வந்திருந்தால் பிரித்துக் கட்டியிருப்பேனா? உண்மையைச் சொல்லச் சொன்னாய். மாட்டேன். அதையும் பையில் வைத்துக்கொண்டு மரம் வெட்டத்தான் போயிருப்பேன். இப்போது கீற்றுக் கொட்டகை போட்டாகிவிட்டது. தொரசாணி தனி ஒதுக்கீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். சுவரெல்லாம் சுண்ணாம்பு. மலை மாடுகள் இறங்கினால் வாரக்கணக்கில் தோப்பில் நிறுத்தி, உண்ணி பார்த்த பிறகுதான் உள்ளே. பழனிக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

விழுப்புரம் வரை வந்தாய் என்று படித்ததும் கடிதத்தை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டேன். அந்த அடிமரம் இன்னும் இருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்தேன். நாம் ரெண்டு பேரும் உன் பெட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதே அந்த நிழலில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ரோட்டில் உட்கார்ந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மரம் இல்லாமலே உட்கார்ந்திருக்கலாம். ரெண்டு தூங்குமூஞ்சிக் கன்று நட்டிருக்கிறேன். ஆடு தின்னாமல் இருக்க முள் கட்டினேன். முள் கட்டுவதில்தான் எனக்குப் பேராயிற்றே.

ஊரில் என்ன ஆயிற்று என்றால், தங்கதுரை அன்றைக்கே வேலையைக் காட்டிவிட்டான். போன வாரம் ராஜாம்பாள் அத்தை வந்தாள். முட்டியோடு வந்து வாசலில் நின்றாள். நான் கொட்டகைக்குள் ஒளியலாமா என்று பார்த்தேன்.

"ஏண்டா கொளஞ்சி, கல்யாணத்துல அந்தப் பொண்ணு நெசத்தத்தான் சொல்லிச்சா? நீதான் பொய் சொன்னியா?"

"ஆமாக்கா."

"மடையா. முட்டி பாக்கற டாக்டரு பஸ் ஏறினா நூறு பேரு. எங்க எருமைக்கி மடி கல்லாப் போய் ஒரு வாரம் ஆவுது, அதப் பாக்க ஊர்ல ஒரு நாதி இருக்குதா? இத்தினி நாளு மறைச்சி வெச்சிக்கினு இருந்திருக்கிற!"

இப்படித் திட்டு வாங்குவேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் மட்டும் இல்லை. கன்று தின்னவில்லை, ஆட்டுக்குக் கழிச்சல், கோழி தலையைச் சுற்றுகிறது என்று தினம் ஒருத்தர் வருகிறார்கள். உன்னைக் கேட்டு எழுதுகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். எருமை மடிக்கு மட்டும் உடனே பதில் போடு, அத்தை விடமாட்டாள். டாக்டர் ஒரு முறை வந்து தொரசாணியைப் பார்த்துப் போனார், ஜீப்பில், புதுப் பேண்ட்டில். மரத்தை வெட்டியது யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது. தெரிவிக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். தமாஷ் பண்ண வேண்டாம் என்றாய், பண்ணவில்லை. தங்கதுரை பக்கத்தில் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. தெரிந்துதான் சொன்னேன். முதல் தடவை சொன்னது மாட்டுக்காக. அது மெல்லத்தான் வந்தது. ரெண்டாவது தடவை கத்தினேனே, அது மாட்டுக்காக இல்லை.

தீபாவளிக்கு வா. யோசிக்காதே. மரம் ஒன்றும் குறுக்கே கிடக்காது, நான் பொறுப்பு.

நேற்று சாயங்காலம் சலூனுக்குப் போனேன். கடை நிறைய ஆள். நான் நுழைந்ததும் தங்கதுரை பெஞ்சிலிருந்து எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "வழி வுடுங்க, வழி வுடுங்க! மாட்டு டாக்டரோட அப்பா வர்றாரு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் என்னைச் சீண்டத்தான் சொன்னான். நானும் முறைப்பது மாதிரி முறைத்து, துண்டை உதறித் தோளில் போட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பூமாலை காதுக்குப் பின்னால் கத்தரியை வைத்து, "அசையாதண்ணா, ஏன் ஒடம்பு குலுங்குது?" என்றான்.

அங்கே வாய்விட்டுச் சொல்லாமல் நான் விழுங்கியது ஒன்றே ஒன்றுதான். இன்னொரு வாட்டி சொல்லு தங்கதுர.

அப்பா